‘கண்ணு’ என்று கூப்பிட்டே 48,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள் – சேலம், ஏற்காடு மக்களே, எச்சரிக்கை

நேற்று மதியம்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. 48,500 ரூபாய். யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 22,000. வீட்டுக்காரர் லோடு ஆட்டோவுக்கு ஃபைனான்ஸில் கடன் வாங்கியபோது நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவருக்குக் கால் ஒடிந்தது, தவணை நின்றது, கேஸ் போட்டார்கள். வந்த நோட்டீசைப் பயத்தில் பீரோவில் வைத்துவிட்டேன். அது என் தப்புதான். தீர்ப்பாகி, ஜூன் மாதம் ஆபீசுக்கே கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: மாதம் 7,000 பிடித்தம்.

யாரிடம் போய்க் கேட்பது? மலையில் ஒருவருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அப்போதுதான் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. கடன் தீர்வு ஆலோசனை, சம்பளப் பிடித்தம் உடனே நிறுத்தப்படும் என்று போட்டிருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போனேன். மாடியில் சின்ன ஆபீஸ். அறுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், நெற்றியில் விபூதி, மேசை நிறைய கேஸ் கட்டு.

நான் அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் கேட்டார். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார். அப்புறம், “ஐ.பி., அதான் திவால் மனு, போட்டுரலாம் கண்ணு. மஞ்சள் நோட்டீஸ்னு ஊர்ல கேவலமாப் பேசுவாங்க, அதுல ஒண்ணும் அசிங்கமில்ல. சட்டம் குடுத்த வழி” என்றார். மூன்று மாதமாக யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவள் நான். அந்த ஒரு சொல்லில் விழுந்துவிட்டேன். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்பதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மீதி எல்லாம் பயமுறுத்தல். விட்டால் ஆயுசு பூரா பிடிப்பார்கள், பி.எஃப். பணத்தையும் எடுத்துவிடுவார்கள் என்றார். மனு போட்ட வாரமே பிடித்தம் நின்றுவிடுமாம், நான் கோர்ட் வாசலை மிதிக்கவே வேண்டாமாம். அன்றைக்கே 5,000 கொடுத்தேன். கோர்ட் ஃபீஸ் என்று 18,500. அதற்கு என் வளையலை அடகு வைத்தேன். ஸ்டே வாங்க 25,000. அது அம்மா மிளகு விற்றுச் சேர்த்து வைத்திருந்த பணம். ஆக 48,500. கையில் கொடுத்தது நம்பர் எழுதிய ஒரு ஜெராக்ஸ் தாள்.

ஜூலையிலும் பிடித்தம். கேட்டால், “ஆர்டர் வர்ற வழியில இருக்கு கண்ணு.” ஆகஸ்டிலும் பிடித்தம். “ஜட்ஜ் லீவு.” அப்புறம் போனை எடுப்பது ஒரு பெண். “சார் மீட்டிங்ல இருக்காரு மேடம்.” நேரில் போனால், “உங்க ஃபைல் சென்னைக்குப் போயிருக்கு மேடம்.” பணம் கொடுக்கிற வரைக்கும் கண்ணு, கொடுத்து முடிந்ததும் மேடம். இதற்கிடையில் ஃபைனான்ஸ்காரர்களே மொத்தமாகக் கட்டினால் குறைத்துக்கொள்கிறோம் என்று கூப்பிட்டார்கள். பேசாதே, கேஸ் கெட்டுவிடும் என்று அந்தப் பெரியவர்தான் தடுத்தார். அந்த வாய்ப்பும் போனது.

நேற்று அஸ்தம்பட்டி கோர்ட்டில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா தேடிப் பார்த்தார். என் பெயரில் எந்த மனுவும் இல்லை. அந்த நம்பர் வேறு யாருடைய கேஸோ. மற்றதையும் அவர்தான் பொறுமையாகச் சொன்னார். சம்பளத்தில் முதல் ஆயிரத்தையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக் கூடாது. 21,000இல் மூன்றில் ஒன்று, அதுதான் அந்த 7,000. ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதம்தான் பிடிக்க முடியும். பி.எஃப். மேல் கை வைக்கவே முடியாது. நம் ஊர்ப் பக்கம் ஐ.பி.க்கு இன்னும் 1920ஆம் வருடச் சட்டம்தான். மனு போட்டதும் பிடித்தம் தானாக நிற்காது. கடன் கொடுத்தவருக்கு நோட்டீஸ் போகும், நம்மைக் கோர்ட்டில் நிறுத்தி விசாரிப்பார்கள். திவால் என்று உத்தரவானால் சொத்து கோர்ட் நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போகும். கடனிலிருந்து விடுபடத் தனியாக இன்னொரு மனு. அதுவரை 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினாலும் நான் திவாலானவள் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

இதில் ஒரு வரிகூட அந்த மாடியில் எனக்குச் சொல்லவில்லை. கடைசியில் அந்த அம்மா கேட்டார்: “பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே இலவசமா வக்கீல் வெச்சுத் தருவோமே, ஏம்மா மொதல்லயே இங்க வரல?” எனக்குப் பதில் வரவில்லை. இலவசமாகக் கிடைப்பதற்கு 48,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மனசு நிலையில் இல்லை, இவ்வளவுதான் வருகிறது. கோர்ட் நோட்டீஸ் வந்தால் பீரோவில் வைக்காதீர்கள். கோர்ட்டுக்கே வர வேண்டாம் என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். கேஸ் நம்பர் கொடுத்தால் அன்றைக்கே இ-கோர்ட்ஸ் வெப்சைட்டில் போட்டுப் பாருங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். எனக்கு முன்னால் அந்த மாடியில் ஒரு வயதான அம்மாவும் மில் யூனிஃபார்மில் ஒரு தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இது உங்கள் கண்ணில் பட்டால், அந்த ஜெராக்ஸ் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதை எடுத்துக்கொண்டு நீங்களும் ஸ்டேஷனுக்கு வாருங்கள்.