சிஸ்டர் ஸ்கூலில் மூன்று வருடம்: ஆறாவது முதல் எட்டாவது வரை என் மகள் என்ன படித்தாள்

"சிஸ்டர் ஸ்கூல்ல சேர்க்கலாமா, அங்க என்னதான் சொல்லித் தர்றாங்க?" என்று ஏப்ரல் வந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் வாசலில் நின்று சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் மகள் 2022 ஜூனில் ஆறாவதில் சேர்ந்தாள், 2025 ஏப்ரலில் எட்டாவது முடித்தாள், இப்போதும் அதே பள்ளிதான். வேலூரில் கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும், அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. அவள் தமிழ் மீடியம். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பள்ளியின் பெயரை எழுதவில்லை. நாங்கள் இந்துக் குடும்பம், நான் படித்தது ஆற்காட்டில் அரசுப் பள்ளியில், அதனால் சிஸ்டர் ஸ்கூல் என்பது எனக்கும் புதிதுதான்.

பாடப்புத்தகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. அரசுப் பள்ளியில் கொடுக்கும் அதே சமச்சீர் புத்தகம், அதே தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். கத்தோலிக்கப் பள்ளி என்றால் வேறு சிலபஸ் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படி இல்லை.

ஆனால் அவள் ஆறாவதுக்குப் போனபோது அந்தப் புத்தகத்தையே அவளால் சரியாக வாசிக்க முடியவில்லை. கொரோனாவில் நாலாவது முழுக்க போனில் போயிற்று, ஐந்தாவதில் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் பள்ளி திறந்தார்கள். தமிழ் டீச்சர் முதல் மாதமே என்னைக் கூப்பிட்டு, "எழுத்துக் கூட்டித்தாம்மா படிக்கிறா, பயப்படாதீங்க, பாதி கிளாஸ் அப்படித்தான் வந்திருக்கு" என்றார். அவர்கள் செய்தது ரொம்ப எளிய வேலை. அசெம்பிளிக்கு முன்னால் இருபது நிமிடம், எட்டாவது படிக்கும் ஓர் அக்காவைச் சுற்றி ஆறாவது பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். அரையாண்டு லீவில் ஆற்காட்டுக்குப் போனபோது என் அம்மாவுக்கு அவள் தினத்தந்தியைத் தடங்கல் இல்லாமல் வாசித்துக் காட்டினாள், ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து இவளே அந்த அக்கா இடத்தில் உட்கார்ந்தாள். எட்டாவது தமிழில் எழுத்து எப்படி மாறி வந்தது என்று ஒரு பாடம் இருக்கிறது, வீரமாமுனிவர் எ, ஏ, ஒ, ஓ ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும்படி எழுத்தைத் திருத்தியது அதில் வரும். "அவரும் ஒரு ஃபாதர்தாம்மா, இத்தாலிக்காரர்" என்று அவள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொன்னதையே வீட்டிலும் வந்து சொன்னாள்.

இனி எல்லோரும் தயங்கிக் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் மாமியாருக்கும் அந்தப் பயம் இருந்தது, "மதம் மாத்திடுவாங்கடி" என்று சேர்க்கிற நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான்: வாரத்தில் இரண்டு பீரியட் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்கள் மத வகுப்புக்குப் போவார்கள், மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 28-ஆம் பிரிவே சொல்கிறது, என் மகளை யாரும் உட்காரவைக்கவும் இல்லை. அசெம்பிளியில் செபம் உண்டு, இவள் கை கட்டி நிற்பாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போவது இன்றுவரை நிற்கவில்லை.

என் மனத்தாங்கல் வேறு. நன்னெறி வகுப்பு முதல் இரண்டு வருடம் சத்தில்லாமல் இருந்தது. கதை ஒன்று சொல்வார்கள், 'உண்மை பேசு' என்று நோட்டில் எழுதச் சொல்வார்கள், மணி அடித்துவிடும். அதே நேரத்தில் பக்கத்து பெஞ்ச் தோழி மறைக்கல்வியில் அவர்களுடைய முக்கியச் சடங்குகளான ஏழு அருளடையாளங்களையும், திருமுழுக்கில் (ஞானஸ்நானத்தில்) தண்ணீர் எதற்கு, ஒப்புரவில் (பாவசங்கீர்த்தனத்தில்) தவறை ஏன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதையும் காரணத்தோடு படித்துவிட்டு வந்து இவளிடம் சொல்வாள். எட்டாவதில் அந்தத் தோழிக்கு அந்த ஏழில் ஒன்றான உறுதிபூசுதல் நடந்தபோது நாங்கள் சர்ச்சுக்குப் போயிருந்தோம், ஆயர் (பிஷப்) ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியிலும் எண்ணெய் பூசுவதைப் பார்த்து என் மகள் அதற்கு அர்த்தம் சொன்னாள், எல்லாம் தோழி சொல்லிக் கொடுத்தது. மற்ற பிள்ளைகளுக்கும் அந்த அளவு யோசித்துப் பாடம் வைத்திருக்கலாமே என்றுதான் எனக்கு. எட்டாவதில் கொஞ்சம் மாறியது. 'பார், ஆராய், செயல்படு' என்று ஒரு முறை, பெல்ஜியத்தில் கார்டைன் என்ற பாதிரியார் தொழிலாளர் இளைஞர்களுக்காக ஆரம்பித்தது, அதை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக் குழு அமைத்தார்கள். இவள் குழு பள்ளிக்குள் சொட்டும் குழாய்களை எண்ணி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை குடம் வீணாகிறது என்று அளந்து ஹெச்.எம்.மிடம் கொடுத்தது. பிளம்பர் வந்தார்.

மூன்று வருடத்தில் என் மகளுக்குள் போய்த் தங்கியது என்ன என்று கேட்டால் நான் சொல்வது மூன்று வரி டைரியைத்தான். கடைசி மணிக்கு முன்னால் ஒரு நிமிடம் அமைதி, பிறகு மூன்றே வரி: இன்று எது நன்றாக நடந்தது, எங்கே தவறினேன், நாளைக்கு என்ன செய்வேன். டீச்சர் தேதி மட்டும் பார்ப்பார், உள்ளே வாசிக்க மாட்டார். கத்தோலிக்கர்கள் இதை ஆன்ம சோதனை என்கிறார்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்வது, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் தினமும் செய்யச் சொல்லி வலியுறுத்தியது என்று சிஸ்டர் எனக்கு விளக்கினார். சாமி பெயர் இல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஏழாவதில் ஒரு ராத்திரி இவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் வீட்டில் உருது பேசும் பிள்ளை ஒன்று, மழையை 'மலை' என்று வாசித்திருக்கிறது, எல்லோரோடும் சேர்ந்து இவளும் சிரித்திருக்கிறாள். மூன்று நாளாக டைரியில் அதே வரி. "எப்பிடிம்மா மன்னிப்பு கேக்கறது?" என்றாள். போய்க் கேட்டாள். அந்தப் பிள்ளை ஒரு வாரம் பேசவே இல்லை, அப்புறம்தான் பேசினாள். நான் போய்ச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

எட்டாவது வரலாற்றில் வேலூர்ப் புரட்சி வரும். பாடம் முடிந்ததும் கோட்டைக்கே அழைத்துப் போனார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலை, புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி எடுக்க வேண்டும் என்று ஆங்கிலேயர் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு, திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்தது, ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியது எல்லாம் அந்த இடத்திலேயே நின்று கேட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த மறுநாள் ஒரு பிள்ளை எழுந்து, "சிஸ்டர், அப்போ நம்ம ஸ்கூல்ல மட்டும் ஏன் பூ வைக்கக் கூடாது?" என்று கேட்டுவிட்டது. நானாக இருந்தால் அந்த வயதில் கேட்டிருக்க மாட்டேன். சிஸ்டர் கோபப்படவில்லை, காரணத்தோடு மனு எழுதி வாருங்கள் என்றார். எழுதினார்கள், பதினேழு பேர் கையெழுத்து. தினமும் வைக்க அனுமதி கிடைக்கவில்லை, பொங்கல் விழா அன்றைக்கு மட்டும் வைக்கலாம் என்று வந்தது. எனக்கு அது போதாது, பூவில் என்ன ஒழுக்கக்கேடு இருக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் நானும் கேட்டேன், பதில் வரவில்லை.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். லேட்டாகப் போனால் கிரவுண்டில் நிற்கவைப்பார்கள். வேலூர் மார்ச் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காட்பாடி பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டதற்கு அரை மணி நேரம் நின்று, வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தாள். மறுநாளே போய்ப் பேசினேன், அதற்குப் பிறகு வராண்டாவில் நிற்கவைக்கிறார்கள், அதுவும் நிற்க வேண்டும். விளையாட்டு பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வது மூன்று வருடமும் நடந்தது. ஆங்கிலம் எழுதுவாள், பேச இன்னும் வரவில்லை. பெற்றோர் கூட்டம் வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு, நான் ஒவ்வொரு தடவையும் அரை நாள் சம்பளத்தை விட்டுத்தான் போனேன்.

சேர்க்கப் போகிறவர்கள் ஏப்ரலிலேயே விசாரித்துவிடுங்கள், ஜூனில் போனால் இடம் இருக்காது. படிவத்தைக் கையெழுத்துப் போடும் முன் முழுக்கப் படியுங்கள், மறைக்கல்வியா நன்னெறியா என்று நீங்களே கேட்டு எழுதிக் கொடுங்கள். நன்னெறி வகுப்பை யார் எடுக்கிறார், என்ன நடத்துகிறார் என்றும் கட்டாயம் கேளுங்கள், நான் அதைக் கேட்காமல் விட்டேன்.