வீட்டுக் கடனில் கூடுதல் பணம் கட்டும் வசதி: வட்டிக்கு நாலு ஸ்டார், சேவைக்கு ரெண்டரை

பெங்களூரில் ஃபிளாட் வாங்கியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் "உனக்கு எத்தனை பர்சென்ட்?" என்ற கேள்வி வராமல் இருக்காது. கால் சதவீத வித்தியாசத்தை வைத்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆனால் தவணைக்கு மேல் கொஞ்சம் பணம் கட்டப் போனால் அந்த வங்கி அதை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் கடன் வாங்கும் முன் விசாரிக்க வேண்டியதே அதுதான்.

என் கடன் ஒரு தனியார் வங்கியில், கிளை கே.ஆர்.புரம் பக்கம். வங்கியின் பெயர் வேண்டாம், வேறு வங்கிகளில் கடன் வைத்திருக்கும் அலுவலக நண்பர்களும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்கிறார்கள். வட்டியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) இணைந்த கடன் என்பதால் 2025-இல் ரிசர்வ் வங்கி அதை 6.5 சதவீதத்திலிருந்து 5.25 வரை இறக்கியபோது எனக்கும் தானாகவே இறங்கியது, யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதற்குத்தான் நாலு ஸ்டார்.

பிரச்சினை பார்ட் பேமென்ட்டில், அதாவது தவணைக்கு மேல் அசலில் கட்டும் பணத்தில். ஆப்பில் அழகாக ஒரு பட்டன் இருக்கிறது, அழுத்தினால் பணம் போய்விடுகிறது, நன்றி என்று செய்தியும் வருகிறது, ஆனால் அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் அசல் பழைய கணக்குப்படி மட்டும்தான் குறைந்திருக்கிறது, நான் போட்ட தொகை எங்கே போனது என்றே தெரியவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "அது எக்ஸஸ் அமவுண்டா நிக்குது சார், பிரான்ச்ல லெட்டர் குடுத்தாத்தான் பிரின்சிபல்ல கழிப்பாங்க" என்கிறார்கள். அதாவது என் பணம் அவர்களிடம் வட்டி இல்லாமல் சும்மா கிடக்கிறது, நானோ முழு அசலுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒன்றுக்காகவே ஸ்டாரைப் பாதியாக வெட்டலாம்.

சரி என்று கிளைக்குப் போனால் ஒரு படிவம், பான் கார்டு நகல், சொந்தக் கணக்கிலிருந்து ஒரு செக். அது போக ஒரு தடவைக்கு இரண்டு தவணைக்குக் குறையாமல்தான் கட்ட வேண்டுமாம். மாதம் ஐயாயிரம் சேர்த்துக் கட்டலாம் என்று நினைப்பவர் பணத்தைச் சேர்த்து வைத்துத்தான் போக வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் கிருஷ்ணகிரிக்காரர், தமிழில் பேச ஆரம்பித்ததும் வேலை கொஞ்சம் வேகமாக நடந்தது. "இஎம்ஐயைக் குறைச்சுடலாமா சார்? மாசம் கையில காசு நிக்கும்" என்றார். "வேண்டாம்மா, இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், மாசக் கணக்கைக் குறைச்சுடுங்க" என்றேன். படிவத்தில் இரண்டுக்கும் கட்டம் இருக்கிறது. எதிலும் டிக் அடிக்காமல் விட்டால் இந்த வங்கி இஎம்ஐயைத்தான் குறைக்கும்.

அந்த டிக் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கணக்கு சொல்கிறேன். 50 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தவணை சுமார் 43,390 ரூபாய். முதல் மாதம் அதில் 35,417 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது எட்டாயிரத்துக்கும் கீழே. கடைசி வரை அப்படியே கட்டினால் வட்டி மட்டும் 54 லட்சத்தைத் தாண்டும், வீட்டோடு சேர்த்து வங்கிக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. இதே கடனில் முதல் மாதத்திலிருந்து 5,000 ரூபாய் கூடுதலாக அசலில் விழுந்தால் பதினைந்தரை வருஷத்தில் முடிந்துவிடும், வட்டியில் ஏறக்குறைய 14 லட்சம் மிச்சம். ஆனால் ஒவ்வொரு தடவையும் இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டே போனால் கடன் அதே 20 வருஷம் ஓடும். மிச்சமும் அந்த 14 லட்சத்துக்குக் கிட்டே வராது. ஆரம்ப வருஷங்களில் போடும் பணத்துக்குத்தான் பலன் அதிகம், பன்னிரண்டாவது வருஷத்தில் போனஸ் வந்து கட்டுவதில் அந்த அளவு சுகம் இல்லை.

இதில் நமக்குச் சாதகமான விதிகள் நிறையவே இருக்கின்றன, வங்கிகள் அதைத் தானாக வாயைத் திறந்து சொல்வதில்லை. ஃப்ளோட்டிங் வட்டியில், அதாவது ஏறி இறங்கும் வட்டியில், தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிறகு 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-இலிருந்து 6.5-க்கு ஏறியபோது பல வங்கிகள் தவணையைத் தொடாமல் வருஷத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போயின, ஓய்வு வயதைத் தாண்டியும் இஎம்ஐ ஓடும் நிலை சிலருக்கு வந்தது. அதற்கப்புறம் 2023 ஆகஸ்டில் இன்னொரு சுற்றறிக்கை: வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுசாகவோ கட்ட விட வேண்டும், காலாண்டுக்கு ஒரு முறை அதுவரை வசூலான அசல், வட்டி, மிச்சமிருக்கும் தவணைகள் எல்லாவற்றையும் ஸ்டேட்மென்ட்டாகக் கொடுக்க வேண்டும். என் வங்கியில் அந்த ஸ்டேட்மென்ட் ஒழுங்காக வருகிறது, அதற்கு ஒரு அரை ஸ்டார் சேர்த்தேன்.

இன்னொரு எரிச்சல். பார்ட் பேமென்ட் என்று சொன்ன உடனே இன்னொரு அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இந்தப் பணத்தை ஏன் சார் லோன்ல போடுறீங்க, எங்க பாலிசியில போடுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் எட்டரையை விட அதிகம் வரும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, வரலாம், வராமலும் போகலாம். கடனில் மிச்சமாகும் எட்டரை மட்டும் நிச்சயம். வரிக் கணக்கும் இப்போது பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குச் சொந்தக் குடியிருப்பு வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது.

ஆனால் இந்த ஊரில் ஐடி வேலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் கையிருப்பை எல்லாம் கொண்டுபோய் அசலில் கொட்டிவிடாதீர்கள். சாதாரணக் கடனில் போட்ட பணம் திரும்பி வராது, வேலை போனால் "போன வருஷம் மூணு லட்சம் கூடுதலாகக் கட்டினேனே" என்று சொல்லி இந்த மாதத் தவணையைத் தள்ளிப்போட முடியாது. ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் தனியாக இருக்கட்டும். இது பயமாக இருந்தால் ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகைக் கடன்களைப் பாருங்கள், கூடுதல் பணத்தை உள்ளே போட்டு வைத்தால் அந்த அளவுக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். வட்டி வீதம் கொஞ்சம் கூட இருக்கும். எடுத்து எடுத்துச் செலவு செய்யும் ஆள் என்றால் வேண்டாம்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவர் போன வருஷம் முழுசாக அடைத்தார். பத்திரங்கள் வேறு ஊரில் இருக்கின்றன என்று சொல்லி அவர் வங்கி இழுத்தடித்தது. 2023 டிசம்பர் 1 முதல் உள்ள விதிப்படி கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைக் கொடுத்து அடமானப் பதிவையும் நீக்க வேண்டும், தாமதம் வங்கியால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் நமக்கு. அந்த விதியை எழுதி ஒரு மெயில் போட்டதும் பத்திரம் வந்துவிட்டது. ஆனால் ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) எடுத்துப் பார்த்தால் அடமானம் அப்படியே நின்றது, மறுபடியும் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு வங்கி ஆளை இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதனால் பாக்கி இல்லை என்று வங்கி கொடுக்கும் நோ டியூஸ் கடிதம் கைக்கு வந்த பிறகும் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் ஒரு ஈசி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.