மொட்டைக் கடிதத்தை டைப் செய்ய மறுத்த ஜெராக்ஸ் கடை

பெரம்பூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வாசலில் மழைநீர் வடிகாலுக்காக மாநகராட்சி வேலையில் தோண்டிய பள்ளம் எட்டு மாதமாக அப்படியே கிடந்தது. என்னிடம் துணி வாங்க வந்த பாட்டி அதில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அன்று ராத்திரியே பெயர் போடாமல் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். மறுநாள் டைப் செய்யக் கொண்டுபோனது பாரிமுனை தம்புச்செட்டித் தெருவில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இந்தச் சின்ன ஜெராக்ஸ் கடைக்கு.

கடைக்கார அண்ணன் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பேர் இல்லாத கடிதாசி குப்பைக்குத்தாம்மா போகும். உங்க பேர்லயே தகவல் கேளுங்க. எதுக்குக் கேக்கறீங்கன்னு அவங்க கேக்க முடியாது." தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 6(2). புத்தகத்தைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார்.

என் இரண்டு பக்கப் புலம்பல் நான்கு கேள்வியானது: வேலை உத்தரவு கொடுத்த தேதி, முடிக்க வேண்டிய தேதி, இதுவரை கொடுத்த பணம், செய்த வேலையை அளந்து பதிவு செய்யும் அளவுப் புத்தகத்தின் நகல். "ஏன் மூடலன்னு கேட்டா மழுப்புவாங்க. ஃபைல்ல இருக்கறதைக் கேளுங்க" என்றார். இந்த ஒன்றுக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம்.

கையெழுத்துப் போடக் கை வரவில்லை. ஒப்பந்தக்காரர் எங்கள் ஏரியாக்காரர். வீட்டுக்காரரும் வேண்டாம் என்றிருந்தார். 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலர்களே கிடையாது. கேள்வி கேட்காமலே இருந்து பழகிவிட்டோம் என்று நினைக்கிறேன். அண்ணன் அவசரப்படுத்தவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கவனித்தார். கால் மணி நேரம் கழித்துப் போட்டேன்.

டைப்பிங் 40 ரூபாய், மனுக் கட்டணமாக ஒட்டும் நீதிமன்றக் கட்டண வில்லை 10 ரூபாய். குறை என்றால் இடம்தான். இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. கலெக்டர் ஆபீஸ் மனு நாளான திங்கட்கிழமை போகாதீர்கள்.

30 நாளாகியும் பதில் இல்லை. மேலதிகாரியிடம் செய்யும் முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது என்று சொல்லி, ஜெராக்ஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார். அப்புறம் நகல்கள் வந்தன. வேலை முடிய வேண்டிய தேதி தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். தெருவில் 11 பேர் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதை வைத்து நேரில் மனு கொடுத்தோம், பள்ளத்தை மூடினார்கள்.

தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. போன வாரம் அதற்காக எதிர்வீட்டு அக்காவை இதே கடைக்குக் கூட்டிப்போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து அவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்.