ஆழ்கடலா, பாறையா, காவல் கொட்டகையா?

திருகோணமலை டச்பே கடற்கரையில் பின்னேரங்களில் நாங்கள் மூன்று பேர் இருப்போம். ஒருவர் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். என்னிடம் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்து இடையில் விட்டவர். மற்றவர் பழைய இரும்பு யாவாரம். நான் ஓய்வுபெற்ற வாத்தி. இலங்கையிலும் அணுமின் நிலையம் கட்டலாமா என்ற பேச்சு பல வருடங்களாக இழுபடுகிறது. 2022 ஏப்ரலில் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு ஒன்று வந்து, நாடு எவ்வளவு ஆயத்தம் என்று பார்த்துவிட்டும் போனது. அந்தப் பேச்சு எங்கள் மணலுக்கு வந்தபோது இரும்புக்காரர் கேட்டார்: "கரண்ட் சரி சேர், மிஞ்சுற குப்பையை எங்கை போடுறது?" கேட்டவரே விடையையும் சொன்னார். "எங்கடை கடலுக்குள்ளை போட்டால் என்ன? இதைவிட ஆழம் வேறை எங்கை இருக்கு?"

தொழிலுக்குப் போகிறவர் சாரத்தை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார். அவரைத் திரும்ப இருத்துவதற்காக நான் தொடங்கிய விளக்கம் நாலைந்து பின்னேரம் நீண்டது.

முதலில், எந்தக் குப்பை என்று தெரிய வேண்டும். கதிரியக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. (பள்ளிக்கூடத்தில் நான் கதிர்த்தொழிற்பாடு என்றுதான் படிப்பித்தேன். வெளியில் எல்லாரும் கதிரியக்கம் என்பதால் இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன்.) புல்மோட்டைக் கறுப்பு மணலில் இல்மனைற்றோடு கொஞ்சம் மொனசைற்றும் கலந்திருக்கிறது. மொனசைற்றுக்குள் தோரியம் என்ற கதிரியக்க உலோகம். தோரியத்தின் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைந்து தீர எடுக்கும் காலம், ஏறத்தாழ 1400 கோடி வருடம். கேட்கப் பயமாக இருக்கும். உண்மையில் அரைவாழ்வு நீளநீள ஒரு பொருள் கதிரை அவ்வளவு மெதுவாகத்தான் விடுகிறது. உலையில் எரிந்து வெளியே வரும் எரிபொருள் வேறு சாதி. அதில் சீசியம் 137 இருக்கிறது, அரைவாழ்வு 30 வருடம். புளூட்டோனியம் 239 இருக்கிறது, 24,000 வருடம். முதல் சில நூறு வருடங்கள் சூடும் ஊடுருவும் கதிரும்தான் பிரச்சினை. அதன்பிறகு இலட்சம் வருடக் கணக்கில் ஒரு நீண்ட வால். உலகத்தின் அணுக்கழிவில் இந்த உயர்மட்ட வகை கனவளவில் சுமார் 3 வீதம்தான். கதிரியக்கத்தில் 95 வீதம் அதற்குள்தான் இருக்கிறது. சண்டை முழுக்க இந்த 3 வீதத்தைப் பற்றியது.

கடல்

இரும்புக்காரரின் யோசனையை அவசரப்பட்டுச் சிரிக்கக் கூடாது. பெரிய நாடுகளே அதைச் செய்தன. 1946 இல் அமெரிக்கா கலிபோர்னியாவுக்கு அப்பால் பரல் பரலாகப் போடத் தொடங்கியது. வடகிழக்கு அத்திலாந்திக்கில் ஐரோப்பிய நாடுகள் 1982 வரை இரண்டு இலட்சத்துக்கும் கூடிய பரல்களை இறக்கின. போட்டது பெரும்பாலும் கதிரியக்கம் குறைந்த அல்லது நடுத்தரமான கழிவு. சோவியத் யூனியன் இன்னும் ஒரு படி மேலே போய், காரா கடலில் அணு உலைகளையே தாழ்த்தியது. 1982 இல் கே-27 என்ற நீர்மூழ்கியை உலையோடு சேர்த்து அங்கே அமிழ்த்தினார்கள். 1993 இல் இலண்டன் உடன்படிக்கை நாடுகள் கடலில் கதிரியக்கக் கழிவு கொட்டுவதை முழுதாகத் தடை செய்தன.

அந்தப் பரல்கள் என்றென்றைக்கும் அடைத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அடியில் போய்ச் சேரும்வரை உடையாமல் இருந்தால் போதும், அப்புறம் கசிவதைக் கடல் கரைத்து ஐதாக்கிவிடும் என்பதுதான் கணக்கு. 2025 இல் பிரெஞ்சு ஆய்வுக் கப்பல் ஒன்று அத்திலாந்திக்கில் நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பரல்களைத் தேடிப் படம் பிடித்தது. போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வயதுக்காரர் இப்போது அவற்றை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் ஆழத்துக்கு வருவோம். கொட்டியாரக்குடாவுக்கு உள்ளிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது. துறைமுகம் ஆழமாக இருப்பதும், திமிங்கிலங்கள் கரையில் நின்று பார்க்கும் அளவுக்குக் கிட்ட வருவதும் இந்த ஆழத்தோடு ஒட்டியவை. பள்ளத்தாக்கு கிணறு மாதிரி மூடிக் கிடப்பதில்லை. மகாவலி கொண்டுவரும் மண் அதன் வழியாகக் கீழே போகிறது, அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் அதன் வழியாக மேலே ஏறவும் செய்கிறது. இதை நான் சொல்லி முடிக்க முதல் தொழில்காரர் சொன்னார்: "சேர், ஆழத்திலை போற சூரை ஆழத்திலேயே நிக்கிறேல்லை." அவ்வளவுதான். ஒன்றும் கசியாவிட்டாலும் "திருகோணமலைக் கடலில் போட்டிருக்காம்" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த நாள் மீன் ஏலம் படுத்துவிடும். கடலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது இதற்கெல்லாம் மேலே. என் கணக்கில் இந்த வழி போட்டியிலேயே இல்லை.

காவல் கொட்டகை

உலகத்தில் உண்மையில் பெரும்பாலும் நடப்பது இதுதான். எரிபொருளைச் சில வருடம் தண்ணீர்த் தொட்டியில் ஆறவிட்டு, பிறகு உருக்கும் கொங்கிரீட்டும் சேர்ந்த தடித்த கலன்களில் அடைத்து நிலத்துக்கு மேலே நிறுத்திவைப்பது. கலனுக்கு மின்சாரம் வேண்டாம், பம்பி வேண்டாம், காற்றே ஆற்றிக்கொள்ளும். 2011 ஆழிப்பேரலை ஃபுக்குஷிமா நிலையத்தைத் துவைத்தபோது அங்கே ஒரு கட்டடத்தில் இப்படி ஒன்பது கலன்கள் நின்றன. கட்டடத்துக்குள் வெள்ளம் ஏறியது, கலன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2004 இல் அதே மாதிரி அலை நம் கரையில் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியாது.

இதை அழகாகச் செய்திருப்பது நெதர்லாந்து. சீலாந்து மாகாணத்தில் 2003 இல் திறந்த சேமிப்புக் கட்டடத்துக்குச் செம்மஞ்சள் வர்ணம் பூசி, சுவரில் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு ஒரு தடவை இன்னும் வெளிறிய நிறத்தில் பூசுவார்கள். உள்ளே சூடு தணியத் தணிய வெளியே நிறம் குறைந்து, நூறு வருடத்தில் வெள்ளையாகும். அந்த நூறு வருடத்துக்குள் நிரந்தர இடம் தேடுவதுதான் திட்டம்.

எனக்கு இந்த யோசனை நிரம்பப் பிடிக்கும். ஆனால் நூறு வருடம் என்று கேட்டவுடன் எனக்கு சீனன்குடா ஞாபகம் வந்துவிடுகிறது. வெள்ளைக்காரன் தன் கப்பற்படைக்காக அங்கே நூறளவில் எண்ணெய்த் தாங்கி கட்டினான். சாம்ராச்சியம் போகாது என்ற நம்பிக்கையில் கட்டியது. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1948 இல் நாடு கைமாறியது. பிறகு போர். இன்றைக்கும் 99 தாங்கிகள் நிற்கின்றன, பல காட்டுக்குள். உருக்கு நல்ல உருக்கு. காவல்காரன்தான் மாறிக்கொண்டே இருந்தான். உக்ரைனில் சபோரிச்சியா அணுமின் நிலையத்தின் கலன்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. 2022 மார்ச் முதல் அந்த நிலையம் ரஷ்யப் படைகளின் கையில், போர்முனையில். கட்டும்போது யாராவது அதை நினைத்திருப்பார்களா?

"தற்காலிகம்" என்ற சொல்லும் வழுக்கும். அமெரிக்க அரசு 1998 ஜனவரி 31 முதல் மின்நிலையங்களிடமிருந்து கழிவைப் பொறுப்பேற்பதாகச் சட்டப்படி ஒப்புக்கொண்டிருந்தது. யூக்கா மலையில் வைப்பதாக இருந்த திட்டம் அரசியலில் சிக்கி நின்றுபோனது. இப்போது சுமார் 90,000 தொன் எரிந்த எரிபொருள் அங்கங்கே கொட்டகைகளில்.

பாறை

பின்லாந்தின் ஒல்கிலுவோத்தோவில் ஒன்கலோ என்ற சுரங்கம். ஏறத்தாழ 190 கோடி வருடப் பழைய பாறைக்குள், 400 மீற்றருக்குக் கீழே. 2004 இல் தோண்டத் தொடங்கி, 2024 இல் வெற்றுக் கலன்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். முறை எளிது: எரிபொருள் வார்ப்பிரும்புக்குள், அதைச் சுற்றி 5 சென்ரிமீற்றர் செம்பு, அதைச் சுற்றி நீர் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் பென்ரனைற்றுக் களிமண், அதற்கு வெளியே பாறை. ஒன்று தவறினால் மற்றது தாங்கும். 6,500 தொன் கொள்ளும். நிரம்பியதும் அடைத்துவிட்டுப் போகலாம். காவல் வேண்டியதில்லை என்பதுதான் இதன் முழுச் சிறப்பும்.

இயற்கை இதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. ஆபிரிக்காவின் காபோன் நாட்டில் ஒக்லோ என்ற யூரேனியச் சுரங்கத்தில், சுமார் 200 கோடி வருடங்களுக்கு முன் தானாகவே அணு உலை எரிந்திருக்கிறது. 1972 இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதில் உண்டான புளூட்டோனியம் பிறந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை என்று சொல்லலாம். யாரும் செம்பு சுற்றவில்லை, களிமண் பூசவில்லை.

ஆனால் பாறைக்குள் போட்ட எல்லாம் ஒன்கலோ ஆகிவிடாது. ஜேர்மனியின் அசே பழைய உப்புச் சுரங்கத்தில் 1967 முதல் 1978 வரை சுமார் 1,26,000 பரல்களை அடுக்கினார்கள், சில இடங்களில் அடுக்கக்கூட இல்லை, தள்ளிவிட்டார்கள். இப்போது நாளுக்கு ஏறத்தாழ 12,000 லீற்றர் நீர் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுக்கத் திட்டம் போடுகிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ உப்புப் படுகையில், 650 மீற்றருக்கும் கீழே, 1999 முதல் அணு ஆயுதத் தயாரிப்பில் மிஞ்சிய கழிவை வைக்கிறார்கள். 2014 பெப்ரவரியில் அங்கே ஒரு பரல் வெடித்துக் கதிரியக்கம் வெளியே வந்தது. காரணத்தைச் சொன்னால் இரும்புக்காரர் நம்ப மறுத்துவிட்டார்: ஈரம் உறிஞ்சப் பரலுக்குள் போடும் பூனை மணலின் (வீட்டுப் பூனை மலசலம் கழிக்கத் தட்டில் போடுவது) வகையை மாற்றியிருக்கிறார்கள். களிமண்ணுக்குப் பதிலாகக் கோதுமையில் செய்தது. அது உள்ளிருந்த நைத்திரேற்று உப்போடு சேர்ந்து சூடேறிவிட்டது. மூன்று வருடம் அந்த இடம் மூடிக் கிடந்தது. சுவீடனிலோ செம்பு அரிக்குமா அரிக்காதா என்று விஞ்ஞானிகள் நீதிமன்றம் வரை போனார்கள்; 2018 இல் நீதிமன்றம் இன்னும் ஆதாரம் வேண்டும் என்றது, 2022 இல் அரசாங்கம் அனுமதித்தது.

தொழில்காரர் இங்கே கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டார். "எங்கடை பாறையும் பழசுதானே சேர்?" பழசுதான். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. பனியுகம் திரும்ப வந்து பனிப்பாளம் பாறையை அழுத்துமோ என்று பின்லாந்துக்கு இருக்கிற கவலையும் நமக்கில்லை. ஆனால் கன்னியாவுக்கு ஒருக்கால் போய்வாருங்கள். எரிமலை இல்லாத நாட்டில் ஏழு கிணற்றிலும் வெந்நீர் எங்கிருந்து வருகிறது? மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வேறு வெடிப்பு வழியாக மேலே ஏறுகிறது. ஆழத்தில் வைத்த ஒன்றைத் தண்ணீர் தொட்டு மேலே கொண்டுவர வழி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை நான் ஆய்வுகூடத்தில் காட்டியதில்லை. பாறையின் வயதைவிட வெடிப்புத்தான் கணக்கு.

பாறையைப் போலவே ஊரும் கணக்கு. ஒன்கலோ அமைந்த யூராயோக்கி ஊராட்சிக்கு வேண்டாம் என்று தடுக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. 2000 இல் வாக்கெடுத்து அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஜேர்மனியின் கோர்லேபனில் 1977 இல் மேலிருந்து இடத்தைக் குறித்தார்கள். நாற்பது வருடத்துக்கும் மேல் சண்டை, 2020 இல் அந்த இடம் பட்டியலிலிருந்தே போனது. நமக்குத் தெரிந்த கதையும் உண்டு: 2006 இல் போரால் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் திரும்பி வர முதலே அங்கே அனல்மின் நிலையம் என்று திட்டம் போட்டார்கள், 2016 இல் கைவிட்டார்கள்.

மற்றவை

விண்வெளிக்கு அனுப்புவது: ரொக்கெற் வெடித்தால் எல்லார் தலையிலும். அந்தாட்டிக்கப் பனிக்குள் புதைப்பது: 1959 உடன்படிக்கையே தடுக்கிறது. மறுசுத்திகரிப்பு மட்டும் கொஞ்சம் பேசத்தக்கது. பிரான்சும், கல்பாக்கத்தில் இந்தியாவும் செய்கின்றன. எரிந்த எரிபொருளில் 95 வீதத்துக்கு மேல் யூரேனியம், 1 வீதம் புளூட்டோனியம். அவற்றைப் பிரித்தெடுத்து மிச்சத்தைக் கண்ணாடியாக உருக்கி வார்க்கலாம். கழிவு சிறுக்கும், இல்லாமல் போகாது. அந்தக் கண்ணாடிக்கும் பாறை வேண்டும். பிரித்த புளூட்டோனியம் குண்டுக்கும் உதவும் என்பது தனித் தலையிடி.

ஆக, உலைக் கழிவுக்கு என் தெரிவு பாறை, அதுவரைக்கும் கொட்டகை. கொட்டகையிலேயே நிரந்தரமாக விடச் சொல்வோரோடு நான் ஒத்துப்போகமாட்டேன். அவர்கள் சீனன்குடாவைப் பார்த்ததில்லை.

நம்முடைய குப்பை

அணுமின் நிலையம் வந்தாலும் வராவிட்டாலும் கதிரியக்கக் கழிவு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது: வைத்தியசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும். தைரொயிட்டுக்குக் கொடுக்கும் அயடீன் 131 இன் அரைவாழ்வு எட்டு நாள். பூட்டிய அறையில் எண்பது நாள் வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதற்குச் சுரங்கம் தேவையில்லை, பூட்டும் கலண்டரும் போதும். புற்றுநோய்ச் சிகிச்சை இயந்திரங்களின் கோபால்ற்று 60 அப்படியில்லை. ஐந்தேகால் வருடம் அரைவாழ்வு. அதே ஆயிரத்தில் ஒரு பங்குக்கு அரை நூற்றாண்டு.

இந்த இடத்தில் நான் இரும்புக்காரரைப் பார்த்துத்தான் பேசினேன். 1987 இல் பிரேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட வைத்தியசாலைக் கட்டடத்திலிருந்து இயந்திரம் ஒன்றைப் பழைய இரும்புக்காகக் கழற்றினார்கள். உள்ளே நூறு கிராமுக்கும் குறைந்த சீசியத் தூள், இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதென்று உறவினருக்கும் பங்கு கொடுத்தார்கள். நாலு பேர் செத்தார்கள், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதிக்க வேண்டிவந்தது. அந்த நூறு கிராமைக் கூட்டி அள்ளியபோது 3,500 கன மீற்றர் கழிவு. 2010 இல் டில்லியின் மாயாபுரிச் சந்தையிலும் இதே மாதிரி, பல்கலைக்கழகம் ஒன்றின் பழைய கருவியிலிருந்து வந்த கோபால்ற்று, ஒருவர் இறந்தார்.

இப்படியான சின்னக் கதிரியக்க மூலங்களுக்கு ஒன்கலோ தேவையில்லை. வாங்கும்போதே முடிந்ததும் திருப்பி எடுக்க வேண்டும் என்று விற்றவரோடு எழுதிக்கொள்வது முதல் வழி, மலிவும் அதுதான். திருப்ப முடியாமல் தேங்கியவற்றுக்குக் குழாய்க்கிணறு மாதிரி ஒடுங்கிய துளை. பல பத்து மீற்றர் ஆழத்தில் உருக்கிலும் சீமெந்திலும் பொதிந்து இறக்கி அடைத்துவிடுவது. தென்னாபிரிக்காவில் உருவான முறை. மலேசியாவும் கானாவும் சர்வதேச முகவரகத்தோடு சேர்ந்து இதில் இறங்கியிருக்கின்றன. 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தோடு இங்கேயும் ஒழுங்குபடுத்த ஒரு பேரவை இருக்கிறது. நமது அளவுக்கு இதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம்.

"குழாய்க்கிணறு அடிக்கிற மெசின் வாடகைக்கு நான் எடுத்துத் தாறன்," என்றார் இரும்புக்காரர். "எந்தக் காணியிலை சேர்?"

தொழில்காரர் என்னைப் பார்த்தார். கன்னியாப் பக்கம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து இரும்புக்காரர் தன் யாட்டில் மூலையில் கிடக்கும் ஆஸ்பத்திரிச் சாமான் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். சின்னதாம், பாரமாம், என்னவென்று தெரியாதாம். உடைக்க வேண்டாம், கிட்டப் போகவும் வேண்டாம், காலமை முதல் வேலையாக அதிகாரிகளுக்கு அறிவிப்போம் என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் எழும்பினோம்.