செங்கோட்டையில் மூன்று நாள் காய்ச்சல்

கடந்த ஜூலையில், குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த சமயம், டொராண்டோவிலிருந்து செங்கோட்டை அம்மா வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் இரவு, "பிள்ளைக்கு மேலு கொதிக்குது" என்று ஆச்சி என் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். மருந்துக்கடையில் வாங்கிய தெர்மாமீட்டர் 102.2 என்று காட்டியது. செல்சியஸிலேயே பழகிய எனக்கு, அது 39 டிகிரி என்று கணக்குப் போட்ட பிறகுதான் நிலைமை புரிந்தது.

அதே கடையில் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்து, "ஒரு மூடி கொடுங்க அக்கா" என்றார்கள். அந்த மூடி 5 மில்லி கொள்ளும். கனடாவில் நான் கொடுத்துப் பழகிய சிரப்பில் 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் மருந்து. இந்தப் புட்டியில் 250. இங்கே 120 மில்லிகிராம் சிரப்பும் விற்கிறது என்பதால், மூடியை மட்டும் நம்பி அளந்தால் பெட்டிக்குப் பெட்டி அளவு மாறிவிடும். எடைக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான உச்ச அளவு. 12 கிலோ குழந்தைக்கு அது 180 மில்லிகிராம். நல்லவேளை, பெட்டியில் கொண்டுவந்த, மருந்தளக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் 3 மில்லி மட்டும் கொடுத்தேன். கேட்காமலேயே மேசையில் எடுத்துவைத்த ஆன்டிபயாடிக் புட்டியை வாங்க மறுத்தபோது கடைக்காரர் முகம் சற்றுச் சுருங்கியது.

வீட்டில் ஆச்சி கம்பளி போர்த்த, அம்மா பானைத் தண்ணீரில் துணி நனைத்துவர, நடுவில் குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அரசு மருத்துவமனையில், காசு எதுவும் வாங்காமல் பார்த்த மருத்துவர், இரண்டையும் நிறுத்தச் சொன்னார்: மெல்லிய பருத்திச் சட்டை போதும், துடைத்தே ஆக வேண்டுமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் அவர் கேட்டது, காய்ச்சல் எத்தனை டிகிரி என்றல்ல, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள் என்று. கொசுக் காலமாதலால், டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை வேறு காய்ச்சல் மருந்துகளான ஐபுபுரோஃபெனும் மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப்பும் வேண்டாம் என்று சீட்டில் எழுதித் தந்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று அங்கிருந்த செவிலியர் சொன்னபோதுதான், நான் முந்தைய இரவு ஒரு டம்ளரில் கரைத்த தவறு உறைத்தது.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் இது. பக்கத்து வீட்டு மாமிக்கு இன்றும் பெரிய மருத்துவம் என்றால் திருவனந்தபுரம்தான். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மலைப்பாதையில், கஞ்சி குடித்து விளையாடும் பிள்ளையைக் கொண்டுபோகத் தேவையில்லை என்று முடிவெடுத்தேன்.

மூன்றாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை. ஆனாலும், காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாளுக்கு, வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அசாதாரணச் சோர்வு ஆகியவற்றைக் கவனிக்கச் சொன்னார் மருத்துவர். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தொடங்குமாம். அந்த இரண்டு நாளில் ஒரு மாலை தென்காசி போக வேண்டியிருந்ததால், சிரிஞ்சில் சரியாக 3 மில்லி அளவில் கறுப்புப் பேனாவால் கோடு போட்டு, ஆச்சியின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.