வாடிக்கையாளருக்கு வீடியோ காட்டக் கையடக்க ப்ரொஜெக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: என் 21,500 ரூபாய் போன விதம்

கல்யாண வீடியோ, விளம்பரப் படம், கோயில் விழாப் பதிவு என்று கேமராவை வைத்துப் பிழைக்கும் நண்பர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ‘முழு எச்.டி.’ என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட கையடக்க ப்ரொஜெக்டர், உண்மையில் அதன் ஐந்தில் ஒரு பங்குப் புள்ளிகளைத்தான் திரையில் காட்டுகிறது. அதற்கு நான் எண்ணிக் கொடுத்தது 21,500 ரூபாய். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் ஊர்க் கடைவீதியில் நெடுங்காலமாக டிவியும் ஹோம் தியேட்டரும் விற்று வரும், தகப்பனும் மகனும் கல்லாவில் உட்காரும் கடை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு இது ஆசைக்கு வாங்கிய பொருள் அல்ல. ஒரு கல்யாண வீடியோ ஆர்டரைப் பேசி முடிக்கப் போனால் பெண் வீட்டில் தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை என்று பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே செல்போனை நீட்டினால் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர்தான் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகினால், எச்.265 என்ற புதிய வகைச் சுருக்க முறையில் இருக்கும் வீடியோ கோப்பைச் சில பழைய டிவிகள் திறக்கவே திறக்காது. சிலவற்றில் ஒலி மட்டும் வரும். அதனால்தான் சுவரிலேயே காட்டிவிடலாம் என்று ப்ரொஜெக்டரைத் தேடிப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பின்பக்கத்து இருட்டறைக்கு அழைத்துப் போய், டெமோவுக்கென்று வைத்திருந்த ஒன்றை ஓடவிட்டார். பவளப்பாறை மீன்கள், பூக்கள், பஞ்சவர்ணக் கிளி என்று எல்லாமே பளிச்சென்ற நிறங்களில், மிக அண்மைக் காட்சிகளாக வந்தன. எழுத்து ஒன்றுகூட இல்லை. தூரத்தில் நிற்கும் மனித முகம் ஒன்றுகூட இல்லை. என் பென்டிரைவைப் போட்டுக் காட்டச் சொன்னபோது, “வெளி பென்டிரைவ் போட்டா வைரஸ் ஏறிடும் தம்பி, நீங்க இதையே பாருங்க” என்றார். சந்தேகம் தீராமல் தெளிவுத்திறனை, அதாவது படத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் எத்தனை புள்ளிகள் என்பதைக் கேட்டதும், ரிமோட்டை எடுத்து செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து 1920×1080 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். “எம் பொண்ணு கல்யாண வீடியோவ நாங்க இதுலதான் குடும்பமா உக்காந்து பாத்தோம், உங்களுக்குப் போயி பொய் சொல்வேனா?” என்று அவர் கேட்ட பிறகு, நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் தோன்றவில்லை. வயதில் பெரியவர், மகளின் கல்யாணத்தைச் சொல்கிறார். 21,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே ஒரு வீட்டில் அதை வைத்தேன். நான் இரவு பகலாக உட்கார்ந்து கலர் கிரேடிங் செய்த, அதாவது நிறங்களைச் சீராக்கிய முகூர்த்தக் காட்சி அது. பட்டுப்புடவையின் சரிகைக் கரை ஒரே மஞ்சள் பட்டையாகத் தெரிந்தது. ஹோமப் புகை படிப்படியாக வெட்டிய சாம்பல் திட்டுகளாக நகர்ந்தது. வரவேற்பு மேடைக் காட்சியில் மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டும் பின்னால் இருந்த திரையும் ஒன்றாகிப் போயின. பெயர் எழுத்துகளின் ஓரங்கள் பிசிறடித்தன. “முகமே தெளிவா இல்லையேப்பா” என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னதும், அங்கே இருந்தவர்கள் பார்த்தது ப்ரொஜெக்டரை அல்ல, என்னை. படம் எடுத்தவனுக்குத்தான் வேலை தெரியவில்லை என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கல்யாணம் வேறொருவருக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, ஒரு புள்ளி வெள்ளை, ஒரு புள்ளி கறுப்பு என்று கோடு போட்ட 1920×1080 படம் ஒன்றைத் தயாரித்து ஓடவிட்டேன். உண்மையான முழு எச்.டி. கருவியில் கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதில் வெறும் சாம்பல் நிறம் வந்தது. பிறகுதான், சீல் வைத்த பெட்டிக்குள் இருந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் உண்மை கிடைத்தது: கருவியின் சொந்தத் தெளிவுத்திறன் 854×480, ‘ஏற்கும்’ தெளிவுத்திறன் 1080. அதாவது, முழு எச்.டி. வீடியோவை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆனால் அதைச் சுருக்கித்தான் காட்டும். 20,73,600 புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் 4,09,920 புள்ளிகள். செட்டிங்ஸில் தெரிந்த எண், உள்ளே ஓடும் மென்பொருளின் எண். ஒளியை வடித்துப் படத்தை உருவாக்கும், கருவிக்குள் இருக்கும் சின்னப் பலகையின் எண் அல்ல.

வெளிச்சக் கணக்கும் அதே லட்சணம்தான். பெட்டியின் மேல் 9,500 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சிட்டிருக்கிறது. அடாப்டரோ 65 வாட். நம் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென்தான் தரும். அந்தக் கணக்கில், இடையில் பலகையும் லென்சும் தின்னும் ஒளியைச் சேர்க்காமலே, 9,500 லூமெனுக்கு 95 வாட் வேண்டும். திரையில் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுக்கும் ‘ஆன்சி லூமென்’ என்ற அளவு பெட்டியில் எங்கும் இல்லை.

திருப்பிக் கொண்டுபோனேன். முதலில் ஃபோகஸைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்றார்கள். அடுத்து, கம்பெனி ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள், யாரும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. பிறகு, டெல்லியில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கு என் செலவில் கூரியர் அனுப்பச் சொன்னார்கள். மகளின் கல்யாணத்தைச் சொன்ன பெரியவர் என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போனார். கடைசியாக மகன்தான் பேசினார்: தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்கே எடுபடாதாம், பில்லிலேயே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று போட்டிருக்கிறதாம்.

இரண்டுமே என்னை விரட்டுவதற்காகச் சொன்னவை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் தன் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. தனியாளாக வேலை செய்யும் வீடியோகிராபர்கள் இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதையும் அதே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. அடுத்து அங்கேதான் போகிறேன். 21,500 ரூபாயை விடப் போவதில்லை.

எந்தக் கருவி நல்லது என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது அதற்கு மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். உங்கள் சொந்த வீடியோவை, அதிலும் இருட்டான காட்சி ஒன்றை, விளக்கு எரியும் அறையில் ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ‘ஏற்கும்’ தெளிவுத்திறனைக் கேட்காதீர்கள், சொந்தத் தெளிவுத்திறனைக் கேளுங்கள்; அதை மாடல் எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் ‘ப்ரொஜெக்டர் - 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. இந்த விலைக்குள் தேடுகிறவர்கள், பெயர் தெரிந்த நிறுவனத்தின் 11 அங்குல டேப்லட்டையோ, கையில் இருக்கும் லேப்டாப்பையும் ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிளையுமோ எடுத்துப் போவது எவ்வளவோ மேல். பெட்டியையும் கையேட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆணையத்தில் காட்ட என்னிடம் இருக்கும் முதல் சாட்சி அந்தப் பொடி எழுத்துதான்.