60 கிலோமீட்டரில் எத்தனை ஆர்பிஎம்? கிரவுன், டயர், கியர்பாக்ஸ் பொருத்தம்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

சென்னையை ஒட்டிய மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரிக்காரர்கள் பேச உட்கார்ந்தால் "எந்தக் கிரவுன் போட்டால் மைலேஜ் வரும்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். (கிரவுன் என்பது பின் ஆக்சிலில் உள்ள பெரிய பற்சக்கரம். அதன் பல்லை, அதைச் சுழற்றும் சின்னப் பற்சக்கரமான பினியனின் பல்லால் வகுத்தால் கிரவுன் விகிதம்.) அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: லோடோடு இந்த வண்டி நாள் முழுக்க எந்த வேகத்தில் ஓடுகிறது? நான்குவழிச் சாலையில் சரக்கு வண்டிக்கு வரம்பு 80. ஆனால் திருச்சிக்குப் போகும் ஜிஎஸ்டி சாலையிலும் நெல்லூர் சாலையிலும் 28 டன் பத்துச் சக்கர வண்டி சீராகப் பிடித்து ஓடுவது 55, 60-ல்தான். ஓடாத 80-க்குக் கணக்குப் போட்டுக் கிரவுன் தேர்ந்தெடுத்தால் டாப் கியரே பாதி நேரம் பயன்படாது.

60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்குச் சரியாக 1,000 மீட்டர். லோடு ஏற்றிய 10.00 ஆர் 20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் உருளும். ஆக நிமிடத்துக்கு 312 சுற்று. இதைக் கிரவுன் விகிதத்தாலும் கியர் விகிதத்தாலும் பெருக்கினால் எஞ்சின் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை. 37-க்கு 6 பல், அதாவது 6.17 கிரவுன், டாப் கியர் 1.00 என்றால் 1,930-ஐ ஒட்டி வரும். 41-க்கு 7, அதாவது 5.86 என்றால் 1,830. அதே 5.86-க்கு 0.8 ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியர்) இருந்தால் 1,460. 37-க்கு 9, அதாவது 4.11 கிரவுனோடு டாப் 1.00 என்றால் 1,285. இன்றைய பிஎஸ்6 காமன் ரெயில் எஞ்சின்களில் டீசல் குறைவாகக் குடிக்கும், ஆர்பிஎம் மீட்டரில் பச்சைப் பட்டையாகக் குறித்த இடம் பெரும்பாலும் 1,200-க்கும் 1,600-க்கும் நடுவில் இருப்பதால், முதல் இரண்டு பொருத்தமும் நெடுஞ்சாலைக்குச் சரிவராது. எஞ்சின் சத்தத்திலேயே அது தெரியும்.

பழைய வண்டியில் என்ன கிரவுன் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஆக்சில் தகட்டைப் பாருங்கள். தகடு போயிருந்தால் மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் போட்டு, பின்பக்கம் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள், கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றிய எண்ணிக்கைதான் விகிதம். (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியலில் மறுபக்கச் சக்கரம் நிற்பதால்தான் ஒன்றுக்குப் பதில் இரண்டு.) டயருக்கும் அட்டவணையை நம்ப வேண்டாம். குளிர்ந்த நிலையில் சரியான காற்று வைத்து, லோடோடு, சுண்ணாம்புக் கோடு போட்டு ஐந்து சுற்று நேராக உருட்டி, டேப்பில் அளந்து ஐந்தால் வகுத்தால் போதும்.

டயர் அளவு மாற்றத்தால் பெரிய லாபம் வரும் என்பது மிகையான நம்பிக்கை. 10.00 ஆர் 20-இலிருந்து 11.00 ஆர் 20-க்குப் போனால் விட்டம் சுமார் 3 சதவீதம் கூடும். 295/80 ஆர் 22.5-க்குப் போனால் ஒரு சதவீதம் குறையும், அவ்வளவுதான். புது டயர் 12 மி.மீ. தேய்ந்தாலே விட்டத்தில் 24 மி.மீ., அதாவது 2 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. டயர் அளவைக் கூட்டிய பிறகு "மைலேஜ் குறைந்துவிட்டது" என்று பலர் சொல்வதற்கு உண்மையான காரணம், ஓடோமீட்டர் 3 சதவீதம் குறைத்துக் காட்டுவது. அதைத் திருத்தாமல் டீசல் கணக்குப் போட்டால் டிரைவரோடு வீண் சண்டைதான்.

ஜோடி டயரில் மட்டும் கண்டிப்பு தேவை. இந்த அளவு டயர்களில் உள்ளும் வெளியும் விட்ட வித்தியாசம் 12 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் பெரிய டயர் லோடு முழுவதையும் தாங்கிச் சூடாகும், சின்னது தரையில் தேய்ந்துகொண்டே வரும். இரண்டு பின் ஆக்சிலும் இழுக்கிற டிப்பர்களில் அந்த இரண்டில் ஒன்றுக்குப் புது டயரும் மற்றதற்குத் தேய்ந்ததும் போட்டால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் ஓய்வில்லாமல் சுற்றிச் சூடேறிக் கெடும்.

இனி முக்கியமான இடம்: நிற்கும் வண்டியை நகர்த்துவது. எஞ்சினின் டார்க் (சுழற்றும் விசை) 800 நியூட்டன் மீட்டர், முதல் கியர் 7, கிரவுன் 5.86 என்று வைத்தால், 28 டன்னைச் சுமார் 20 சதவீத ஏற்றத்தில் கிளப்பும் பலம் காகிதத்தில் கிடைக்கும். அதே கியர்பாக்ஸில் கிரவுனை மட்டும் 4.11 ஆக்கினால் அது 14-க்கு இறங்கும். க்ளட்ச் விடும் நேரத்தில் எஞ்சின் முழு டார்க் தராது, ஆகவே நிஜத்தில் இன்னும் குறைவு. செங்கல்பட்டு பக்கக் கல்குவாரி ஏற்றத்துக்கு இது போதாது. துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் சாலை வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து நகரும் வண்டிக்கோ, ஒவ்வொரு நகர்வுக்கும் க்ளட்சை வழுக்கவிட வேண்டியிருப்பதால் பிளேட் சீக்கிரம் எரியும்.

ஆகவே 4.11 வேண்டுமென்றால் முதல் கியர் 12-க்கு மேல் இருக்கும் ஒன்பது கியர் பெட்டியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள்: 7 மடங்கு டார்க் வாங்கிய புரொப்பல்லர் ஷாஃப்ட் இப்போது 12 மடங்கு வாங்கும். பழைய ஷாஃப்டும் அதை இணைக்கும் பழைய கிராஸும் அதைத் தாங்கா. கம்பெனியிலேயே அந்த ஆக்சில், அந்தப் பெட்டி, அந்த ஷாஃப்ட் மூன்றும் சேர்ந்து வரும் மாடலை எடுப்பதே புத்திசாலித்தனம். கம்பெனி அளவிலிருந்து வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கிறது.

ஓட்டத்தில் 4.11-ஒன்பது கியர், 5.86-ஓவர்டிரைவ் இரண்டும் எப்படி? திருச்சி, விஜயவாடா போன்ற சமதள ஓட்டத்துக்கு 4.11-ம் ஒன்பது கியரும் அருமை. அமைதியாக ஓடும், டீசலிலும் வித்தியாசம் தெரியும். ஆனால் வேகம் 45-க்கு இறங்கினால் டாப் கியரில் 964 ஆர்பிஎம்தான். அங்கே பிடித்து அழுத்தினால் டர்போ பூஸ்ட் வராது, எஞ்சின் திணறும், புகை வடிகட்டியில் கரி சேரும். கியர் இறக்கச் சோம்பல்படும் டிரைவரிடம் இந்த வண்டியைக் கொடுக்கக் கூடாது. கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் ஒன்பது கியரின் நெருக்கமான படிகள் கைகொடுக்கும். ஆறு கியர் ஓவர்டிரைவ் பெட்டியில் ஐந்தாவது திணற, நான்காவது கத்த, நடுவில் வெற்றிடம். நகருக்குள்ளும் குவாரியிலும் பாதி, நெடுஞ்சாலையில் பாதி என ஓடும் வண்டிக்கு 5.86-ம் ஓவர்டிரைவும் இன்றும் நம்பலாம். தொப்பூர் இறக்கத்தில் மட்டும் ஓவர்டிரைவும் வேண்டாம், 4.11-இன் டாப்பும் வேண்டாம். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், புகை வழியை அடைத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் சரியாகப் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில், இறக்கம் தொடங்கும் முன்பே போட்டு இறங்குங்கள்.

கம்பெனி அதே ஆக்சிலுக்கு அனுமதித்த வேறு கிரவுனுக்கு, உதாரணமாக 5.86-இலிருந்து 4.88-க்கு, மாற்றினால் எஞ்சின் கம்ப்யூட்டரிலும் விகிதத்தை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மீட்டர் 50 காட்டும்போது வண்டி 60-ல் போகும். 80-ல் பூட்டிய ஸ்பீடு கவர்னர் 96 வரை விட்டுவிடும். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்திய ஜோடி, ஒன்றை மட்டும் மாற்றவே கூடாது. பொருத்தியதும் பல்லில் நீலம் தடவி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா பார்த்து, டயல் கேஜ் வைத்து பேக்லாஷை (பற்களுக்கு நடுவில் உள்ள தளர்வை) மேனுவல் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தொடக்கத்தில் லோடு குறைத்து, இடையிடையே நிறுத்திச் சூடு தொட்டுப் பார்த்து ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டு ஜிஎல்-5 தர கியர் ஆயில் ஊற்றுங்கள். வடித்த ஆயிலில் மைபோல நுண்தூள் இருந்தால் பரவாயில்லை. விரலில் உறுத்தும் சில்லு இருந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்.